அன்ரனுக்கு விட்ட இடம்

எங்கள் கலியாணப் பந்தலின் முன்வரிசையில் நான்கு கதிரைகள் போட்டிருந்தார்கள். நான்காவதில் நான். மூன்றாவதில், எனக்கு மனைவியாகி ஐந்து மணித்தியாலமே ஆகியிருந்த ரெஜினா. இரண்டாவதில் அவளுடைய அம்மா பிலோமினா மாமி. முதலாவது கதிரையில் ஆள் இல்லை. ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் இருந்தது.

சட்டையைத் தோய்த்து, கஞ்சி போட்டு, அயன் பண்ணி, கதிரையின் முதுகில் மாட்டி, பொத்தான்களையும் மேலிருந்து கீழ்வரை பூட்டி வைத்திருந்தார் மாமி. கதிரையில் முழ நீளக் கம்புகள் இரண்டு கிடந்தன. முன்னால் ஒரு சின்ன மேசை. அதில் வாழையிலைத் துண்டில் பலகாரமும் ஒரு கிளாஸ் சர்பத்தும். சட்டை ரெஜினாவின் அண்ணன் அன்ரனுடையது. அவன் காணாமல் போய் அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"இதென்னடா, கலியாண வீடோ, செத்தவனுக்கு எட்டுச் செலவு செய்யிற வீடோ?" என்று குச்சவெளியில் இருந்து பஸ்ஸில் வந்திருந்த என் சித்தப்பா காதுக்குள் கேட்டார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தச் சட்டைப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. கச்சான் காற்று நன்றாக வீசிய பின்னேரம் அது. பந்தலில் கட்டியிருந்த தோரணமெல்லாம் படபடத்துக்கொண்டிருந்தது. கஞ்சி போட்ட சட்டைதானே, அது அசையவில்லை.

பாலையூற்றில் ஒரு ஆட்டம்

கலியாணத்தைச் சொல்லுவதற்கு முன் அன்ரனைச் சொல்லவேண்டும். அவன் இல்லாவிட்டால் எனக்கு ரெஜினாவும் இல்லை.

வெள்ளைக்காரன் தன் கடற்படையைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்ச் சில வருடங்கள் கழிந்த காலம். அவ்வளவு பெரிய திருகோணமலைத் துறைமுகம் வேலையில்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுகிற கிளாக்கர் நான். கப்பல் வராத நாட்களில் கொக்குகளை எண்ணுவேன். எதையும் எண்ணாமல் இருக்க என்னால் ஏலாது. இந்தப் பழக்கத்தைச் சும்மா சொல்லவில்லை, பிறகு வரும்.

அன்ரன் மூதூருக்கு ஆள் ஏற்றிப் போகும் லோஞ்சுப் படகில் கயிறு எறிகிறவன். நெடுவல், கறுவல், சிரித்தால் முன்பல் ஒன்று பாதி உடைந்தது தெரியும். ஒருநாள் பாலையூற்றில், போர்த்துக்கேயர் வழிவந்த ஒரு பறங்கியர் வீட்டுக் கலியாணத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். பறங்கியர் கலியாணத்தைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. வயலின் ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். ஆணும் பெண்ணும் கை கோத்து, கிழவர் கிழவிகள்கூட இடுப்பை ஒடித்து ஆடுகிறார்கள். குச்சவெளியில் கோயில் திருவிழாவைத் தவிர வேறொன்றும் கண்டறியாத எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்ரன் என்னை நடுவே தள்ளிவிட்டான். என் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. வயலின்காரன்மேல் போய் விழுந்தேன்.

சுவரோரமாக நின்று வயிற்றைப் பிடித்துச் சிரித்தவள்தான் ரெஜினா. அதற்குப் பிறகு என் காலைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அன்ரனுக்கு ஆட்டம் என்றால் பைத்தியம். பறங்கியரோடு ஆடுவான், அந்தோனியார் திருநாளில் ஆடுவான். ஆனால் அவன் உயிரை விட்டது கிண்ணியாவின் களிகம்புக்குத்தான். முஸ்லிம் கலியாணங்களில் மாப்பிள்ளை வரும்போது பன்னிரண்டு பேர் ஆளுக்கு இரண்டு கம்போடு ஆடுவார்கள். லோஞ்சில் அவனோடு வேலை செய்த சலீம் என்ற கிண்ணியாப் பொடியன் அவனை அங்கே கூட்டிக்கொண்டு போனான். முதலில் ஆட்டம் பழக்குகிற அண்ணாவியார் மாட்டேன் என்றாராம். அவன் ஆடியதைப் பார்த்த பிறகு, "இவன்ட கைக்கு வேதமும் இல்ல, மார்க்கமும் இல்ல, தாளம் மட்டுந்தான்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டாராம். சலீமும் அன்ரனும் சோடி. ஒருவன் கம்பை மற்றவன் பார்க்காமலே அடிப்பான்.

நனையாத கம்பு

சலீமின் கலியாணம் ஒரு மாரிகாலத்தில் வந்தது. அன்று அன்ரனுக்கு லோஞ்சில் வேலை முடியப் பிந்திவிட்டது. சலீமின் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகாமல் விடுவானா? இரவல் தோணி ஒன்றை எடுத்துக்கொண்டு, துறைமுகத்தைக் குறுக்கறுத்துக் கிண்ணியாவுக்குத் தனியே வலித்துக்கொண்டு போனான். மழை இருட்டுக் கட்டியிருந்தது. பகல்தான். ஆனால் கரையில் நின்றவர்களுக்கு அவனைக் கொஞ்சத் தூரம்வரைதான் தெரிந்ததாம்.

அங்கே அவன் போய்ச் சேரவில்லை. அடுத்தநாள் தோணியைக் கண்டெடுத்தார்கள்.

தோணி கவிழவில்லை. துடுப்பு உள்ளேதான் கிடந்தது. செருப்பு இரண்டும், கோயில் வாசலில் கழற்றி வைத்ததுபோல் சோடியாக இருந்தன. சாரத்துண்டில் சுற்றியிருந்த கம்புகள் நனையவே இல்லை. முதல்நாள் பின்னேரம் அப்படி மழை பெய்திருந்தது. தோணியின் அடியில் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட இல்லை. இதை நான் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை. அந்தச் சாரத்துண்டை என் கையால் தொட்டுப் பார்த்தேன்.

சுழியோடிகள் மூன்று நாள் தேடினார்கள். எங்கள் துறைமுகத்தின் ஆழம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய கப்பல்களே கரையை ஒட்டி வந்து நிற்கும். அதற்குள் போன மனிதனை யார் கண்டது?

உடல் இல்லாதபடியால் பூசை வைக்க மாமி விடவில்லை. "நனையாத கம்பை வைச்சுக்கொண்டு என்னெண்டு நான் பிள்ளைக்கு மரித்தவர் பூசை குடுக்கிறது? ஆரோ கப்பல்காரர் ஏத்திக்கொண்டு போட்டினம்" என்றார். ஒவ்வொரு நாளும் மூதூர் லோஞ்சு ஊதும்போது எழும்பிப் போய்ப் படலையைத் திறந்து வைப்பார். சாப்பாட்டு மேசையில் அவனுக்கும் கோப்பை வைப்பார். நான் ரெஜினாவைப் பார்க்கப் போகிற நாட்களில், "அந்தக் கதிரையில இராதேங்கோ தம்பி, அது அவன்ர" என்பார். பகல் வெளிச்சத்தில், குசினியில் கறி கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் சொல்லுவார். ஆனாலும் எனக்கு முதுகு சில்லிடும்.

மாமியின் நிபந்தனை

அந்த நேரம் பார்த்து எனக்குக் கொழும்புத் துறைமுகத்துக்கு மாற்றம் வந்தது. ரெஜினாவைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நான் சைவம், அவள் கத்தோலிக்க வேதக்காரி. என் அப்பா கோபத்தில் கதைக்காமல் விட்டார். அதையெல்லாம் சமாளித்துவிட்டேன். மாமியைத்தான் சமாளிக்க முடியவில்லை.

"அண்ணன் இல்லாமல் தங்கச்சிக்கு என்ன கலியாணம்? அவன் வரட்டும்" என்றார்.

மாதங்கள் போயின. ரெஜினா மெலிந்துகொண்டே வந்தாள். "அம்மாவைத் தனிய விட்டிட்டு வர ஏலாது. வராமல் இருக்கவும் ஏலாது. நான் என்ன செய்ய?" என்று ஒருநாள் கோயில் மதிலில் சாய்ந்து அழுதாள். எனக்கு அன்ரன்மேலேயே ஆத்திரம் வந்தது. செத்தாலும் ஒழுங்காகச் செத்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது உண்மை.

கடைசியில் மாமியே ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு இருத்தினார்.

"கலியாணத்தை வையுங்கோ. கிண்ணியாப் பொடியங்கள் வந்து களிகம்பு ஆடவேணும். அன்ரன்ர இடத்தை விட்டிட்டு ஆடவேணும். அவன் உசிரோட இருந்தா எங்கயோ தூர தேசத்தில கிடக்கிறான், வர ஏலாது. செத்திருந்தா அவனை ஆர் தடுக்கிறது? தங்கச்சியின்ர கலியாணத்துக்கு வராமல் விடமாட்டான். அவன்ர இடத்தில கம்புச் சத்தம் கேட்டால் அடுத்த நாளே பூசை குடுப்பம், இவ உங்களோட கொழும்புக்கு வரட்டும். கேளாட்டி அவன் இருக்கிறான். அவன் வருமட்டும் இவ என்னோட இருக்கவேணும்."

ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். வேறு வழி இல்லை, சம்மதித்தோம்.

கிண்ணியா அண்ணாவியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். "செத்தவனைக் கூப்பிடுறது எங்கட மார்க்கத்தில இல்ல, தம்பி. நாங்க கூப்பிடமாட்டம். இடம் விட்டு ஆடுறம். அது அவனுக்கு நாங்க செய்யிற மரியாதை" என்றார்.

அவர் உள்ளே போனதும் சலீமைத் தனியே கூட்டிப் போனேன். ஆட்டத்தின் கடைசியில் சுற்றடி என்று ஒன்று வைத்திருந்தார்கள். பாட்டு நின்றுவிடும். ஆறு சோடியும் நின்ற இடத்தில் நின்று, ஒரு சோடிக்குப் பின் ஒரு சோடியாகக் கம்பை அடிப்பார்கள். சத்தம் வட்டமாக ஓடிவரும். அன்ரன் இல்லாதபடியால் சலீமின் முறை வரும்போது சத்தம் இராது. அந்த நேரம் அவன் தன் இரண்டு கம்புகளையுமே ஒன்றோடொன்று தட்டிவிட வேண்டும். ஒரு தட்டு போதும். இதைத்தான் கேட்டேன்.

சலீமின் முகம் கறுத்துப் போயிற்று. "என்ட கலியாணத்துக்கு வரப் புறப்பட்டுத்தான் அவன் போனவன். அவன்ட பேரில என்னைப் பொய்யடி அடிக்கச் சொல்றியா, மச்சான்?"

"உயிரோட இருக்கிற ரெண்டு பொம்பிளையளுக்காகக் கேக்கிறன்" என்றேன்.

"பாப்பம்" என்றான்.

சுற்றடி

காலையில் அந்தோனியார் கோயிலில் தாலி கட்டினேன். என் அம்மா கொண்டுவந்த சிவப்புக் கூறைச் சேலை. அதன்மேல் ரெஜினா தானே பின்னிய வெள்ளை முக்காடு. அதன் ஓரத்தில், அன்ரன் கடலில் பொறுக்கிக் கொடுத்த சிறு சோகிச் சிப்பிகளைத் தைத்திருந்தாள். நடக்கும்போது அவை கலகலத்தன. சுவாமியார் அதைப் பார்த்தும் பாராதவர்போல இருந்தார். என் சித்தப்பா பார்த்துவிட்டு, "பொம்பிளை மீன்காரியோ?" என்றார். அவருடைய வாய்க்கு ஒரு கதவு போட யாராலும் முடியவில்லை.

பின்னேரம் மாமி வீட்டு முற்றத்தில் களிகம்பு தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் துறைமுகத் தண்ணீர். பதினொரு பேர், வெள்ளைச் சாரம், தலையில் துணி. பன்னிரண்டாவது ஆளின் இடத்தில் மணல் மட்டும். அவர்கள் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். அந்த வெற்றிடமும் அவர்களோடு சேர்ந்து சுற்றியது. சலீம் அதற்கு எதிரே குனிந்தான், நிமிர்ந்தான், காற்றில் கம்பை நீட்டினான். பார்க்கப் பார்க்க, அங்கே ஒருவன் ஆடுவதுபோலவே இருந்தது. முன்னால் இருந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அண்ணாவியார் பாட்டை நிறுத்தினார். ஆட்டக்காரர்கள் நின்றார்கள். அதே நேரத்தில் கச்சான் காற்றும் விழுந்துவிட்டது. தோரணங்கள் தொங்கிப் போயின.

டக். டக். டக். டக். டக்.

ஆறாவது முறை சலீமுடையது.

டக்.

சத்தம் வந்தது. ஆனால் சலீமின் பக்கத்தில் இருந்து வரவில்லை, மிகக் கிட்ட இருந்து வந்தது. திரும்பினேன். முதலாவது கதிரையில் கம்புகள் இல்லை. மாமியின் சேலைத் தலைப்புக்குக் கீழே அவற்றின் முனைகள் தெரிந்தன. அவருடைய முகம் நேரே பார்த்தபடி, கல்லாக இருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கியது. அதற்குள் ரெஜினாவின் வலது கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. நான் மாமியை விட்டுவிட்டு ஆட்டக்காரர்களைப் பார்த்தேன். இரண்டாம் சுற்று ஓடியது. ஐந்து சத்தம், பிறகு ஆறாவது. சலீம் இரண்டு கம்புகளையும் அகட்டிப் பிடித்தபடி நின்றான். அவன் கண்கள் எதிரே இருந்த மணலில் குத்தி நின்றன. நான் வழக்கப்படி எண்ணினேன். ஏழு சுற்று. ஏழிலும் ஆறாவது சத்தம் வந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஒருவரும் கை தட்டவில்லை. மாமி எழுந்தார். முதலாவது கதிரையில் இருந்த சட்டையைக் கழற்றி, பொத்தான்களை ஒவ்வொன்றாக விடுவித்து, மடித்தார்.

"சுவாமியாரிட்டச் சொல்லுங்கோ, நாளைக்குப் பூசை வைக்கட்டாம்" என்றார். பிறகு அந்தச் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு, பதினெட்டு மாதம் அடக்கி வைத்த அழுகையை ஓவென்று அழுதார். கலியாணப் பந்தலில் ஒப்பாரி கேட்டது. என் சித்தப்பா அதற்குமேல் ஒரு நிமிடமும் நிற்கவில்லை, குச்சவெளி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

கிண்ணியாக்காரர்களை வழியனுப்ப இறங்குதுறைக்குப் போனேன். சலீம் தோணியில் ஏறாமல் நின்றான். அவனுடைய உதடு வெளிறியிருந்தது.

"நான் அடிக்கல்ல, மச்சான். அடிக்கத்தான் நினைச்சன். அதுக்கு முந்தியே சத்தம் வந்திட்டு. பிறகு என்ட கை சேரல்ல. ஏழு சுத்துக்கும் சேரல்ல."

"எனக்குத் தெரியும். நீ யோசியாதை" என்று தோளில் தட்டினேன். அடித்தது யார் என்று அவனுக்குச் சொல்லவில்லை. ஒரு தாய் தன் மகளை விடுவிக்கத் தன் மகனைத் தன் கையால் சாகக் கொடுத்ததை எப்படிச் சொல்லுவது? ரெஜினாவுக்கும் சொல்லவில்லை. அண்ணன் வந்து வாழ்த்திவிட்டுப் போனான் என்று அவள் நம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாமி கேட்ட கேள்வி

கொழும்பில் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். மாமி திருகோணமலையை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டார். எண்பதாம் ஆண்டுகள் தொடங்கியிருந்த நேரம் அவர் பாயில் விழுந்தார். நாங்கள் போய் அவரோடு தங்கினோம். ஒருநாள் காலை, ரெஜினா கடைக்குப் போயிருந்தாள். மாமி என்னைக் கையால் கூப்பிட்டார்.

"தம்பி, கலியாணத்தண்டு கம்படிச்சது நீங்கள் ஏற்பாடு பண்ணினதே? உண்மையைச் சொல்லுங்கோ. நான் போகப்போற மனுசி."

நான் திகைத்துப் போனேன். "மாமி, நீங்கள் அடிச்சதை நான் கண்டனான்."

"ஓம். ரெஜினாவை விடவேணும் எண்டு அடிச்சன். ஒருக்காத்தான் அடிச்சன். உடன கை விறைச்சு, கம்பு ரெண்டும் கீழ விழுந்திட்டுது. மிச்சம் ஆறும் ஆர் அடிச்சது? சலீமோ? நீங்கள் அவனோட கதைச்சதை அண்ணாவியார் எனக்குப் பிறகு சொன்னவர்." அவருடைய விரல்கள் என் கையை நகம் பதியப் பிடித்தன. "இவ்வளவு காலமும் உயிரோட இருக்கிற பிள்ளைக்குத்தான் பூசை குடுத்தனோ எண்டு நித்திரை இல்லை எனக்கு. சொல்லுங்கோ தம்பி, சலீம்தானே?"

பொய் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, உண்மை மட்டும்தான் இருந்தது.

"இல்லை மாமி. அவன் அடிக்கேல்லை. ஒருத்தரும் அடிக்கேல்லை."

மாமி கண்ணை மூடினார். அவர் முகத்தில் இருந்த முடிச்செல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்வதைப் பார்த்தேன். "அப்ப வந்தவன்தான்" என்றார். பிறகு, பல நாளாகக் கேட்காத தேத்தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்தக் கிழமையே போய்ச் சேர்ந்தார்.

அவருக்கு நிம்மதி வந்த இடத்தில் என்னுடையது போய்விட்டது. பாயில் கிடந்த மனுசி, தான் எத்தனை தரம் அடித்தார் என்பதை மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லி வைத்தேன். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்தேன்.

என் நினைவுகளை எழுதிவரும் இந்தத் தொடரில் ஒவ்வோர் அத்தியாயத்தையும் முதலில் வாசிக்கிறவள் ரெஜினா. பிழை திருத்துகிறேன் என்று சொல்லி, என் குறும்புகளை எல்லாம் வெட்டிவிடுவாள். இந்த அத்தியாயத்தைக் கொடுக்கத்தான் எனக்குக் கை வரவில்லை. அவளுடைய அம்மாதான் அடித்தார் என்பதை இத்தனை காலம் ஒளித்து வைத்ததற்குத் திட்டுவாளோ என்று பயம். இதுவரை எழுதியதைக் கொடுத்துவிட்டுக் குசினிப் பக்கம் போய் நின்றேன்.

வாசித்து முடித்தவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். ஓர் எழுத்தையும் வெட்டவில்லை.

"அம்மா அடிச்சதை நானும் கண்டனான்" என்றாள். "முதல் அடியோட கம்பு கீழ விழுந்தது. ஆரும் காண முன்னம் நான்தான் குனிஞ்சு எடுத்து மடியில வைச்சு, முக்காட்டால மூடினனான். ஒரு கையால உங்களைப் பிடிச்சனான். மற்றக் கையால அந்தக் கம்பு ரெண்டையும் அமத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தனான்."

"ஏன் எனக்கு இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"அம்மாவைத் திரும்பிப் பார்த்த நீங்கள், அவதான் எல்லாம் அடிச்சவ எண்டு நம்பிக்கொண்டு நிம்மதியா இருந்தியள். அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்." அவள் தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள். "மிச்சம் ஆறு சுத்தும் கம்பு என்ர கைக்குள்ளதான் இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அது உள்ளுக்க அதிர்ந்தது."